மூக்கக்காவின் மூக்கு

பழைய கம்ப்யூட்டர்களையும் டிவிக்களையும் உடைத்துப் பிரிக்கிற அந்தக் கொட்டகையில் அவளுக்குப் பெயர் மூக்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் முதலாளியே முழிப்பார். பிளாஸ்டிக் ஓடுகளை ரகம் பிரிப்பது அவள் வேலை. பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு. ஓரத்தில் லைட்டரைப் பிடித்து, ஊதி அணைத்து, புகையை மோந்து பார்த்தால்தான் எது எந்த ரகம் என்று தெரியும். மற்றவர்கள் நாலு தடவை மோந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம்தான் வருவார்கள். அவள் ஒரே இழுப்பில் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

முதலாளி ஒருமுறை எல்லாருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் எதால மோந்து பாக்கறது, காதாலயா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவருக்கென்ன, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்.

வீட்டில் இதைச் சொன்னபோது மகள்தான் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வெளியூர் கிளம்பிய அன்று, "அந்தப் புகையெல்லாம் விஷம்மா, இனிமே போகாத" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சரிடி, விட்டுடறேன்" என்றாள் இவள். சொன்னதோடு சரி. மறுநாள் முதல் ஆளாகக் கொட்டகையில் நின்றாள். அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல வேறு இடம் ஏது?

மூக்கு ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் சோப்பு மணக்கவில்லை. பிறகு அடுப்பில் பால் தீய்ந்தது தெரியவில்லை. சளி என்று நினைத்தாள். கொட்டகையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சுடர் எரிகிற விதத்தையும் ஓடுகளைத் தட்டினால் வருகிற சத்தத்தையும் வைத்து ஒப்பேற்றினாள். மோந்து பார்க்கிற மாதிரி நடிக்க வேண்டுமே, அதற்காகப் புகையை மட்டும் விடாமல் இழுத்தாள். என்ன பாவமோ.

இந்தத் தடவை மகள் ஆறு மாதக் குழந்தையோடு வந்தாள். வேலையை எப்போதோ விட்டாச்சு என்று போனில் சொல்லியிருந்த பொய் நிலைக்க வேண்டுமே என்று இவள் கொட்டகைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

மகள் குளிக்கப் போகும்போது பேரனை மடியில் போட்டாள். "தலையை மோந்து பாரேன்மா. விடவே மனசு வராது."

உச்சியில் மூக்கை வைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாள். சூடு தெரிந்தது, மெத்தென்று முடி தெரிந்தது, வாசனை மட்டும் வரவில்லை.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "எப்படிம்மா?"

"பால் வாசனைடி. சின்னதுல நீயும் இப்படித்தான் மணப்ப."

கிட்டே வந்த மகள் மூக்கைச் சுளித்தாள். குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள். டயப்பர் பிதுங்கப் போயிருந்தான். அறையே நாறிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அந்த வேலைய நீ விடவே இல்லையாம்மா?"

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீ சொன்னப்பவே விட்டிருக்கணும்டி. புத்தி இல்லாம போச்சு" என்றாள்.

மகள் குழந்தையைக் கழுவித் துடைத்து, பவுடர் போட்டுக் கொண்டுவந்தாள். இவள் கேட்டாள்.

"இவன் எப்படி மணக்கறான்னு கொஞ்சம் சொல்லேன்டி."

மகள் குனிந்து குழந்தையின் தலையை மோந்தாள். சொல்லப் பார்த்தாள். சொல்லத் தெரியவில்லை.