லைன் வீட்டுக் கன்னி

1991, ஆடி மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்குத் திருப்பூரில் இறங்கினேன். சென்னையில் சர்வதேசச் சட்டத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுத் தலைப்பு நாடற்றவர்கள். "புத்தகத்தைக் கரைத்துக் குடித்தது போதும், உயிருள்ள உதாரணம் ஒன்றைக் கொண்டு வாம்மா" என்று பேராசிரியர் துரத்தியிருந்தார். பனியன் கம்பெனியில் மேலாளராக இருந்த தோழியின் அண்ணன் ஒரு முகவரி கொடுத்தார். அவரிடம் வேலை பார்க்கும் செல்வராணி, சிறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவளாம்.

பல்லடம் சாலையில் ஏழு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். கம்பெனிகள் மூடிக் கிடந்தன. தறிச் சத்தமும் இல்லை. சாயத் தண்ணீர் ஓடும் ஓடை அன்று ஊதாவாக இருந்தது.

"சிலோன்காரங்க லைனுங்களா? புளியமரத்துக்கிட்ட எறங்கிக்குங்க. இன்னிக்கு அங்க ஒரு ஊட்டுல படையலுங்க" என்றார் கண்டக்டர். மதியச் சாப்பாட்டுக் கவலை விட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

படையல் செல்வராணி வீட்டில்தான். இருபத்தைந்து வயதிருக்கும்; கழுத்தில் தாலி, இடது புருவத்தை இரண்டாக வெட்டும் தழும்பு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று; ஒற்றை அறையின் சுவரில் மாலை போட்ட ஒரு சிறுமியின் படம். கீழே இலையில் சர்க்கரைப் பொங்கல், புதுப் பாவாடை சட்டை.

"என் தங்கச்சி மல்லிகாங்க. மன்னார்ல கப்பலுக்குக் காத்துக் கெடந்தப்ப காய்ச்சல்ல போயிட்டா. கன்னியா வச்சுக் கும்பிடுறோம்."

மணமாகாமல் இறந்த பெண் வீட்டுத் தெய்வம். வருடம் ஒருமுறை புதுத்துணி வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் வருவாள். எங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு.

பதினொரு மணிக்கு அவள் அம்மா சூடம் கொளுத்தினார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நெருக்கி நின்றார்கள். "மல்லிகா, வா தாயி, வந்து சாப்பிடு." மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் என் பக்கத்தில் கண்மூடிக் கைகூப்பி நின்ற செல்வராணியின் கை மயிர் சிலிர்த்தது. படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மாலை விலகிய இடத்தில், சிறுமியின் இடது புருவத்தில் அதே தழும்பு.

எல்லாரும் போன பின், அம்மா பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனார். செல்வராணி கதவைச் சாத்தினாள்.

"பாத்துட்டீங்கல்ல. படத்துல இருக்கறது நான்தான், மல்லிகா. செத்தது எங்க அக்கா செல்வராணி. அம்மா பாஸ்போர்ட்டுல அக்கா பேரும் படமுந்தான் இருந்துச்சு. எனக்குப் பொறப்புப் பதிவே கெடையாது, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே சாடை. அக்கா செத்த மறுநாள் கப்பல். அவ பேருல அம்மா என்னைக் கூட்டியாந்துருச்சு. இங்க எல்லாம் வேற வேற தோட்டத்து ஆளுங்க, யாருக்கும் தெரியாது. அதான் என் படத்துக்கு மாலை."

"அப்போ அக்காவுக்கு?"

"அவளை யாருங்க கூப்புடுறா? என் பேரைத்தானே கூப்புடுறாங்க."

வெளியே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மாசம். ஆஸ்பத்திரியில தாய் பேரு கேப்பாங்க. கல்யாணமாகாமச் செத்தவ பேரை எழுதுனா, இது யாரு புள்ளைங்க? நீங்க பெரிய படிப்புப் படிக்கிறீங்க. என் சொந்தப் பேரை எழுதலாமா?"

சட்டப்படி கடல் தாண்டி வந்தவள் செல்வராணி. மல்லிகாவை எந்த நாடும் அறியாது. நான் தேடி வந்த நாடற்றவள் அந்த மாலைக்குள் இருந்தாள். உண்மையைச் சொன்னால் குடியுரிமை போகலாம், அம்மா மேல் வழக்கு வரலாம். நட்ட நடுப்பகலில் எனக்குப் பயமாக இருந்தது.

"எழுத வேண்டாம்" என்றேன்.

மூன்று மணி பஸ்ஸுக்குப் புளியமரம்வரை கூட வந்தாள். "ஒரு தடவ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டுப் போங்க. இங்க கேக்க ஆளில்ல" என்றாள்.

பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியே கூப்பிட்டேன். "மல்லிகா!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, படையல் முன் நின்றது போலவே கைகூப்பினாள்.

உயிருள்ள உதாரணம் கிடைத்ததா என்று பேராசிரியர் கேட்டார். கிடைக்கவில்லை என்று சொன்னேன்.