வாயை மூடாத நாய்

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, சரியாக நினைவில்லை. பலாப்பழக் காலம் என்பது மட்டும் நிச்சயம். கொல்லிமலையில், சோளக்காடு என்ற ஊரில் எனக்கு அப்போது ஒரு மளிகைக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் நாய் படுத்திருக்கும். காவலுக்கென்று கொண்டுவந்த நாய்தான். ஆனால் கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைக் கூட வாலாட்டி பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பும்.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்தபோது அது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கீழ்த்தாடை தொங்கியது. எச்சில் நூல் நூலாக மண்ணில் இறங்கியது. முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து, தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“என்ன சாமி? வாயைத் தொற கண்ணு.”

திறந்து கிடக்கிற வாயைத் திறக்கச் சொன்னேன் என்றால் என் நிதானத்தைப் புரிந்துகொள்ளலாம். அதோடு நிற்கவில்லை. எதுவும் தெரியவில்லையே என்று கையை உள்ளே விட்டுத் துழாவினேன். நாய் வலியில் தலையை உதறியது. பல் உரசியது. முந்தின நாள் அன்னாசி இறக்கியதில் புறங்கையெல்லாம் கீறல். அந்தக் கீறல்கள் மேல் எச்சில் வழிந்தது.

“ஏனுங்க! கைய எடுங்க! அது வெறிங்க!”

பக்கத்துக் கடைக்காரர் தன் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினார். பலாப்பழம் அறுத்து விற்கிறவர். மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. முந்தின வருடம் அதே மலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் அவருடைய சொந்தத்தில் ஒருவர் நாய்க்கடியில் இறந்து போயிருந்தார். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டார்களாம். கடைசி நாட்களில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் இவர். என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. அதனால் அவர் உள்ளே போய்த் தடியை எடுத்து வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பொறுங்க என்று கெஞ்சினேன்.

“சாயங்காலம் வரைக்கும் பாக்கறனுங்க. டாக்டர்கிட்டக் காட்டறதுன்னா காட்டுங்க. அதுக்கு மேல நீங்க சொன்னாலும் கேக்க மாட்டேன். எத்தனை புள்ளைங்க இங்க ஓடியாடுது.”

டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். மாடு வைத்திருந்த பூத்துக்காரரிடம், மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு மாட்டு டாக்டரம்மாவின் நம்பர் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா அவசரமில்லாமல் ஆரம்பித்தார்.

“முதல்ல நாயை நல்ல சங்கிலில கட்டுங்க. புள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. வாய்க்குள்ள கைய விட்டுப் பாக்காதீங்க.”

“சரிங்க.”

“தண்ணியோ மருந்தோ வாயில ஊத்தாதீங்க. எச்சில் மேல பட வேண்டாம். எங்கயாவது புண்ணு, கீறல் இருந்தா அதுல படவே கூடாது.”

“சரிங்க.”

“என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்குது? கைய விட்டுட்டீங்களா?”

“மணிக்கட்டு வரைக்கும்தானுங்க.”

கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கறேன். ஓடற தண்ணில சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி, எதையும் அப்பாதீங்க. நாயைக் கொண்டு வாங்க. அப்புறம் நீங்க மனுச டாக்டர்கிட்டப் போகோணும்.”

என் கையைப் பார்த்தேன். கிளம்பும் அவசரத்தில் மனைவி குழைத்துப் பூசிய மஞ்சளும் சுண்ணாம்புமாக, கல்யாண வீட்டுக்குப் போகிற கை மாதிரி சிவந்திருந்தது. செய்யாதீங்க என்று அந்தம்மா சொன்னதில் நான் செய்யாமல் விட்டது வாயில் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான். அதுவும் சொம்பு கைக்கு அகப்படாததால்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். மனைவி தண்ணீர் ஊற்ற, நான் கழுவினேன். பாதியில் அவள் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

“அந்தாண்ட திரும்பி நின்னு கழுவுங்க. மேல தெறிக்குது.”

“நான் கடிக்க மாட்டேன் புள்ள.”

“இப்பக் கடிக்க மாட்டீங்க.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

நாயோடு பஸ்ஸில் ஏற முடியாது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கீழே புறப்பட இருந்தது. டிரைவர் தெரிந்தவர்.

“நாயி பின்னால மூட்டை மேல வரட்டும். நீங்க முன்னால... ஆமா, உங்க கையில பட்டிருச்சாமே?”

“கழுவிட்டேனுங்க.”

“அப்ப நீங்களும் பின்னாலயே வாங்க. தொணைக்கு ஆளாச்சு.”

மூட்டைகளின் அந்த ஓரத்தில் நாயைக் கட்டினேன். இந்த ஓரத்தில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொல்லிமலை ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்? லாரி ஒரு பக்கம் திரும்பினால் நாய் சங்கிலி இழுபட என் பக்கம் சரிந்து வரும். மறுபக்கம் திரும்பினால் நான் நாயின் பக்கம் சரிந்து போவேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தவிர்க்கப் படாத பாடுபட்டோம்.

நான் வேண்டிக்கொள்ளத் தொடங்கினேன். முதல் வளைவில் நாயைக் காப்பாற்று என்றேன். கொஞ்ச தூரம் போனதும் எங்கள் இரண்டு பேரையும் என்று திருத்திக்கொண்டேன். பாதி மலை இறங்கியபோது நாய்க்கடியில் இறந்த அந்தத் திண்ணனூர் நாட்டுக்காரரின் நினைப்பு வந்தது. தொண்டை வறண்டது. எச்சில் விழுங்கிப் பார்த்தேன், இறங்கியது. திரும்ப விழுங்கினேன், இறங்கவில்லை. போச்சு, எனக்கும் வெறி ஆரம்பித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அடிவாரம் வருவதற்குள் நாயை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என்னை விட்டுவிடு என்று கேட்டுவிட்டேன். அப்போது நாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எச்சில் வடிய, வாய் பிளந்தபடி, வழக்கம்போல் வாலை மட்டும் ஆட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மலை ரோட்டுக் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டரம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

“வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கா?”

“எனக்கா, நாய்க்கா?”

“நாய்க்குங்க.”

“ரெண்டு பேருக்குமே இல்லீங்க.”

வேறு நாய் ஏதாவது கடித்ததா, ஆளைத் தெரிகிறதா, பின்னங்கால் தள்ளாடுகிறதா என்று கேட்டார். நாயைத் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார்.

“இப்படிக் காலால வாயைத் தேய்க்கறதைப் பாத்தா உள்ள ஏதோ சிக்கியிருக்குன்னு தோணுது. ஆனா தோணுறதை நம்பிக் கைய விட முடியாது. கைய விடறவங்க வேற ஆளுங்க.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சங்கிலியை ஜன்னல் கம்பி வழியாக இழுத்து நாயை அசையாமல் நிறுத்தி, மயக்க ஊசி போட்டார்கள். அது மெல்லப் படுத்தது. அந்தம்மா கண்ணாடி மாட்டி, தடித்த கையுறை இரண்டு அடுக்காகப் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

“குச்சிங்க. மேல்வாயில குறுக்க மாட்டியிருக்கு. சுத்தியும் ரப்பர் மாதிரி என்னமோ ஒட்டியிருக்கே, என்னது இது?”

எட்டிப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பலாப்பழம் அறுக்கும்போது பால் பிசின் மாதிரி வடியும். கத்தியிலும் தண்டிலும் வடிகிற அந்தப் பாலை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்து வீசிவிடுவார்கள். சோளக்காட்டில் சீசன் முழுக்கக் கடைக்குக் கடை அந்தக் குச்சி கிடக்கும். பழ வாசத்துக்கு ஆசைப்பட்டு நாய் அதைக் கடித்திருக்கிறது. குச்சி உடைந்து பல்வரிசைக்கு நடுவில் மாட்ட, பால் அதை அங்கேயே ஒட்டிவிட்டது.

தேங்காயெண்ணெய் தடவித் தடவி, இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டார். மேல்வாய் புண்ணாகியிருந்தது. நான் குதித்துவிட்டேன்.

“அப்ப வெறி இல்லைங்களே!”

“குச்சி இருந்தா வெறி இருக்கக் கூடாதுன்னு சட்டமா? தடுப்பூசி போடாத நாய். சந்தையில கண்ட நாயோட சுத்தற நாய். பத்து நாள் தனியாக் கட்டிப் போட்டுப் பாருங்க. அது நல்லா இருந்தாத்தான் நிச்சயம். தண்ணி குடிக்குது, அதனால ஒண்ணுமில்லைன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பத்து நாள் முடிஞ்சதும் வந்து தடுப்பூசி போடுங்க, வருசா வருசம் போடுங்க. உங்களுக்கு இன்னைக்கே ஊசி. நாய் நல்லா இருக்குதுன்னு நீங்களாப் பாதியில நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்ற வரைக்கும் போடோணும்.”

அன்றே மனித டாக்டரிடம் போய்க் கையில் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். அதே லாரி காலியாக மேலே திரும்பியது. டிரைவர் பத்து நாள் கதையைக் கேட்டுவிட்டு, பின்பக்கத்தைக் காட்டினார்.

சோளக்காட்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் தடியோடு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். மயக்கம் தெளியாத நாய் லாரியிலிருந்து இறங்கித் தள்ளாடியது. அதைப் பார்த்ததும் தடி உயர்ந்தது. நான் நடுவில் பாய்ந்தேன். வீரத்தில் இல்லை, கால் தடுக்கித்தான். பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பால் சுத்துன குச்சி.”

“ஆமாங்க. அதுதானுங்க மாட்டியிருந்துச்சு.”

“அப்ப வெறி இல்லீங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், தடி இறங்கிவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரில் நின்றவர் சின்னக் கீறலை நம்பி ஒருவரைப் பறிகொடுத்தவர்.

“தெரியாதுங்க. பத்து நாள் போனாத்தான் தெரியும்னு சொல்லீட்டாங்க. கட்டித்தான் வெப்பேன். எனக்கும் ஊசி போட்டிருக்குது.”

அவர் என்னை, நாயை, பாட்டிலை மாறி மாறிப் பார்த்தார். தடி உயர்ந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாகக் கீழே வந்தது.

“இருக்குதுன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. சரிங்க. பத்து நாளும் நான் வந்து பாப்பேன். அவுத்து உட்டீங்கன்னா அப்புறம் உங்களையும் சேத்துத்தான்.”

வீட்டின் பின்னால் நாயைக் கட்டினேன். என்னை மனைவி கடையில் படுக்கச் சொல்லிவிட்டாள். தினமும் விடிந்ததும் பக்கத்துக் கடைக்காரர் தடியோடு வருவார், பார்ப்பார், போவார். நானும் பார்ப்பேன். நாய் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அது தும்மினால் நான் உட்கார்ந்துவிடுவேன். நாய் என்னவோ தேறிக்கொண்டே வந்தது. மெலிந்தது நான்தான்.

பத்து நாளும் முடிந்த மறுநாள் அவர் வெறும் கையோடு வந்தார். வேலியோரம் நின்றுகொண்டு, “அவுத்து உடுங்க” என்றார். சங்கிலியைக் கழற்றினேன். நாய் நேராக வீட்டுக்குள் ஓடியது. மனைவி அதைத் தடவிக்கொடுத்து, வழிவிட்டு, எனக்கு முன்னால் கதவை மறித்து நின்றாள்.

“அதுக்குக் கெடு முடிஞ்சுது. உங்களுக்கு இன்னும் ஊசி பாக்கி இருக்குதுல்லங்க?”

வேலியோரம் பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பது கேட்டது. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.