பெரியப்பா விதைத்த வயல்

நெல் எங்கே முளைக்காது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். சேற்று வயலில் விதைத்துக்கொண்டு போகிறவரின் கால் புதைந்த குழிக்குள் முளைக்காது. குழியில் தண்ணீர் தேங்கி, விழுந்த விதை அழுகிப் போகும். சுற்றிவர எல்லாம் பச்சையாக எழும்பிய பிறகும் நடந்தவரின் தடம் மட்டும் கறுப்பாகக் கிடக்கும். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரத் தேவையில்லை. எனக்கு மட்டும் இது ஒரு பயமாக உடம்பில் தங்கிவிட்டது. பெரியப்பாவின் வயல்தான் காரணம்.

பெரியப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பாதி வழியில் திரும்பிப் போனவர் அவர். மாடுகளில் சில எங்களைத் தேடி வந்தன, அவர் வரவில்லை. ஒரு காலை இழுத்து நடப்பார் என்பதும், அவர் கையால் வீசினால் விதை அளந்து வைத்தது போல விழும் என்பதும்தான் அவரைப் பற்றி எனக்குக் கிடைத்த செய்திகள். நாங்கள் ஊர் திரும்பிக் கூரை போட்டு, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் பெரியம்மா நெற்றி நிறையப் பொட்டோடுதான் இருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வளவில் இருந்தபடி, பாதி நேரம் என்னைத்தான் பிள்ளையாக வைத்திருந்தார்.

எங்கள் வயலும் பெரியப்பாவின் வயலும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு வரம்புதான். எங்கள் பக்கம் நெல், அவர் பக்கம் பற்றைக்காடு. பகலில் கூட அந்தப் பக்கம் பார்க்க எனக்குப் பிடிக்காது. பற்றைக்குள் இருந்து ஆள்காட்டிக் குருவி கத்தும். ஆள் வந்தால்தான் அது கத்தும் என்பார்கள். யாரும் வராதபோதும் அங்கே அது கத்திக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்துக்கு எங்கள் நினைவு வந்தது. நீர்ப்பாசன வயல்களில் விளைச்சலைக் கூட்டுவதற்கு ஒரு திட்டம் வந்தது. உடைந்து கிடந்த வாய்க்காலுக்குக் கொங்கிறீட் போட்டார்கள். பற்றைகளை வெட்டி, உழவு இயந்திரம் அனுப்பி, உழவுக்கூலியையும் அவர்களே கொடுத்தார்கள். நல்லின விதைநெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருந்து ஒரு விவசாயப் போதனாசிரியை மோட்டார் சைக்கிளில் வருவார். ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ். எந்த நாளும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதைப்பார். இவ்வளவுக்கும் பதிலாகத் திட்டம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாய்க்காலில் உள்ள ஒரு வயலும் சும்மா கிடக்கக் கூடாது. வயல் வயலாகத் தண்ணீர் விடும் முறை தொடங்குவதற்கு முன் விதைக்காத வயலை அந்தப் போகத்துக்கு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆரம்பக் கூட்டத்தில் எல்லாரும் பெரியம்மாவைப் பார்க்காமல் பார்த்தார்கள். உழுது மட்டம் அடித்துக் கண்ணாடி போலக் கிடந்தது பெரியப்பாவின் வயல். விதைநெல் மூட்டை பெரியம்மாவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மூலையில் வாய் தைத்தபடி இருந்தது. விதைக்க ஆள்தான் இல்லை. ஆள் இல்லை என்றால், கூலிக்கு ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் முதல் பிடி விதையைக் காணிக்காரன்தான் எறிய வேண்டும். அவன் செத்துப்போனால் மகன் எறிவான், மகன் இல்லாவிட்டால் தம்பி எறிவான். உயிரோடு இருக்கிறவனின் வயலில் இன்னொருவன் முதல் பிடி எறிந்தால், இருக்கிறவனை அது கொண்டுபோய்விடும். இதை மிஸ்ஸுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“அப்ப தம்பிக்காரர் எறியட்டுமே,” என்றார் மிஸ், அப்பாவைக் காட்டி.

அப்பா எறிந்தால், அண்ணன் செத்துவிட்டான் என்று ஊர் நடுவில் சொன்னதாக ஆகும். அண்ணனின் காணியில் கண் வைத்தவன் என்ற பெயரும் கூடவே வரும். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பெரியம்மாதான் எழும்பினார். “அவர் வருவார். வந்து எறிவார். அவர் இருக்கத்தக்கதா இன்னொருத்தர எறிய விட என்னால ஏலாது,” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து வழக்கம் போலத் தேங்காய் துருவினார். தேங்காய்ப் பூவோடு சேர்ந்து சிரட்டையும் துருவுப்பட்டு விழுந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்தக் காணி கையை விட்டுப் போனால் பெரியப்பா வருவதற்கு ஒரு இடம் இருக்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குப் பயம்தான் வந்தது, அவர் சொன்ன மாதிரி பெரியப்பா வந்துவிடுவாரோ என்று.

வந்தார்.

தண்ணீர் முறைக்குச் சற்று முன்னால் ஒரு விடியலில், விடாமல் கத்திய ஆள்காட்டிக் குருவிகளின் சத்தத்தில்தான் எழும்பினேன். வாய்க்கால் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். பெரியப்பாவின் வயலில், ஒரு முனையில் இருந்து மற்ற முனை வரைக்கும், முளைகட்டிய நெல் விழுந்திருந்தது. அவ்வளவு ஒழுங்காக எங்கள் வாய்க்காலில் யாரும் விதைத்ததில்லை என்று வட்டவிதானையார் சொன்னார். தண்ணீர் பங்கிடுவது அவர் பொறுப்பு, வாய்க்காலில் அவருக்குத் தெரியாமல் தவளை கூட இறங்காது. அவருக்கே முகம் வெளிறிப்போயிருந்தது.

சேற்றில் கால்தடம் இருந்தது. வலது கால் ஆழமாக, நேராகப் புதைந்திருந்தது. இடது கால் ஊன்றவில்லை. ஒவ்வொரு அடியிலும் இழுபட்டு, வால் போல ஒரு கோடு கீறிக்கொண்டு போயிருந்தது. தடம் வயலெல்லாம் போய் வந்து கடைசியில் வாய்க்காலுக்குள் இறங்கியது. வாய்க்காலின் மறுகரையில் ஏறவில்லை.

“காலை இழுத்திருக்கு,” என்றார் ஒருவர். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. நாங்கள் பெரியம்மாவின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். விதைநெல் மூட்டை குசினி மூலையில் அப்படியே இருந்தது, வாயில் போட்ட தையல்கூட அவிழவில்லை. பெரியம்மா மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வயலுக்கு வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இருக்கவில்லை. ஒருவருக்கு வரம்பில் பீடி மணத்ததாம். இன்னொருவருக்கு இருமல் கேட்டதாம். மூதூரில் இருந்து உரம் ஏற்றி வந்த லொறிக்கார நானா, இந்த வாய்க்காலடியில் லொறியை நிற்பாட்டவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அந்த வரம்பை விட்டுச் சுற்றிப் போனேன். அம்மாவிடம் சொன்னால், “பேய்க் கதை கதையாத,” என்று அதட்டிவிட்டு, தானும் அந்தப் பக்கம் விறகுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

பயிர் முளைத்தது. பெரியப்பாவின் வயல் பாய் விரித்தது போல அடர்த்தியாக வந்தது. எங்கள் வயலில்தான் ஐதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. “தந்த விதையெல்லாம் போட்டீங்களா, இல்ல வித்துப்போட்டீங்களா?” என்று மிஸ் அப்பாவிடம் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த அடர்ந்த பச்சைக்குள்தான் கால்தடங்கள் மறுபடி தெரிந்தன. சேறு கலங்கி அழிந்துவிடும் என்று நினைத்தோம். அழியவில்லை. ஒவ்வொரு தடத்திலும் நெல் முளைக்காமல், கால் வடிவத்தில் கறுப்புத் தண்ணீர் நின்றது. பக்கத்தில் இழுபட்ட கோடும் அப்படியே நின்றது. யாரோ இன்னும் அதற்குள் நடந்துகொண்டிருப்பது போல இருந்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். “வா பிள்ள, வயலுக்குப் போவம்.”

போகாமல் இருக்க ஆயிரம் காரணம் தேடினேன், ஒன்றும் வாயில் வரவில்லை. வாய்க்காலடியில் ஒரு மனிதர் இல்லை. காற்று இல்லை. குருவிகூடக் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பெரியம்மா வரம்பில் மெதுவாக, தடங்களோடு கூடவே நடந்தார். ஒரு இடத்தில் குந்தி, வரம்போரமாக இருந்த தடத்துக்குள் கையை விட்டு அளந்தார். பிறகு அடுத்த தடம். பிறகு இழுபட்ட கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனார். தண்ணீருக்குள் இருந்து ஒரு கை வந்து அவருடைய கையைப் பிடிக்கப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் நிமிர்ந்து நின்று எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கட பயிர் ஏன் பிள்ள இவ்வளவு ஐதா வந்திருக்கு?”

“தெரியாது பெரியம்மா.”

அவர் ஒரு சத்தம் போட்டார். நான் அதைச் சிரிப்பு என்று நினைத்தேன். பிறகு என் கையைப் பிடித்தார். அந்த வெயிலில் அவருடைய கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. கை நோக நோகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பெரியப்பா எங்கள் பின்னால்தான் நிற்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விசாரணை வைத்தார்கள். விதைத்தவன் யார் என்று தெரியாத வயலுக்குத் தண்ணீர் திறக்க முடியாது என்றார் வட்டவிதானையார்.

“நாளைக்கு ஒருத்தன் வந்து, நான்தான் விதைச்சனான், வெள்ளாமை எனக்கெண்டு நிண்டா நான் என்ன செய்யிறது?”

அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றார். வாயைத் திறக்கப் போகிறவர் போல ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் பெரியம்மா கதைத்துவிட்டார்.

“என்ர மனிசன்தான் விதைச்சவர். நேற்றுப் போய்ப் பார்த்தனான். அவர்ர கால் எனக்குத் தெரியாதா?”

மிஸ் முதல் தடவையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். அரசாங்கத்துக்குப் பேய் பிசாசோடு ஒரு பிரச்சினையும் இல்லை, வயல் விதைத்திருந்தால் போதும். காணிக்காரர் விதைத்தார் என்று முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். அன்றைக்கே தண்ணீர் திறந்தார்கள்.

பொழுதுபடும் நேரம் பெரியம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் தந்தார். “அப்பாட்டக் குடு. சேத்துக்க நடந்த கால், நோகும். தடவச் சொல்லு.”

சொன்னபடி கொடுத்தேன், சொன்னபடியே சொன்னேன். அப்பா கிண்ணத்தை வாங்கவில்லை. முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விம்மி விம்மி அழுதார். எண்ணெய் சூடு என்றுதான் வாங்கவில்லையாக்கும் என்று நினைத்து நான் கிண்ணத்தை ஊதினேன்.

அந்தப் போகம் வாய்க்காலிலேயே கூடிய விளைச்சல் பெரியப்பாவின் வயலில்தான். காணி பெரியம்மாவின் கையிலேயே இருந்தது. பிறகு வந்த போகங்களில் அப்பா யாருக்கும் ஒளிக்காமல் அதில் விதைத்தார். அண்ணன் வந்து தொடக்கி வைத்த வயல்தானே என்று ஊரும் வாயை மூடிக்கொண்டது. பெரியம்மா பொட்டை அழிக்கவில்லை. அழித்திருந்தால் அப்பாதான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

போன வருடம், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று திருகோணமலைக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்றவரை நான்தான் வற்புறுத்தினேன். கதிரையில் இருந்து விவரம் பதிந்த பிள்ளை, அடையாளம் ஏதும் உண்டா என்று கேட்டாள்.

“ஒரு கால் ஏலாது.”

“எந்தக் கால் அம்மா?”

“வலது கால்,” என்றார் பெரியம்மா.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவ்வளவு பேர் அந்தத் தடத்தைப் பார்த்தார்கள், எந்தக் கால் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அண்ணன் எதிரே நடந்து வருவதையே பார்த்துப் பழகிய அப்பா, இருட்டில் மற்றக் காலை இழுத்துவிட்டார். பெரியம்மாவுக்கு அந்த வரம்பில் முதல் அடியிலேயே விளங்கியிருக்கும், நடந்தது யார் என்று. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்த அப்பா, அவர் உயிரோடு இல்லை என்பது தெரியாமல் அந்த முதல் பிடியை எறிந்திருக்க மாட்டார் என்பதும் விளங்கியிருக்கும்.

உச்சி வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் பெரியம்மா விதவையானார். பக்கத்தில் நின்ற நான், பேய்க்குப் பயந்துகொண்டிருந்தேன்.