ஷெல்டருக்கு வந்துசேராத ஐந்து பேர்

பைன் பிசின், நுளம்பு கடிக்காமல் பூசும் மருந்து, ஈரச் சொக்ஸ்... இந்த மூன்றும் கலந்த மணம் எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் எனக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிடும்.

அப்போது நான் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருந்தேன். வயோதிபர் இல்லத்தில் வேலை. புது ஆள் என்பதால் யாருக்கும் பிடிக்காத ஷிப்ட் எல்லாம் என் தலையில். அது போதாதென்று சாரணர் குழுவில் லீடர் வேறு. சம்பளம் இல்லை. ஏன் ஓம் என்றேன் என்று இதுவரை எனக்கே விளங்கவில்லை.

ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கு ஓர் இரவு நடை வைத்தோம். ஐந்து ஐந்து பேராகக் குழுக்கள். மாலையில் புறப்பட்டு, வரைபடத்தைப் பார்த்துக் காட்டுக்குள் நடந்து, ஷெல்டர் என்கிற மூன்று சுவர் மரக்கொட்டிலில் படுத்து, விடிந்ததும் மீதியை நடக்கவேண்டும். பெரியவர்கள் யாரும் கூடப் போகக்கூடாது. அதுதான் முக்கியம்.

கூடப் போகாமல் பாதுகாப்பாக அனுப்புவது என்றால் சும்மாவா...

பெரிய ரோட்டைக் கடக்காதபடி பாதையை மாற்றினேன். முழுவதையும் நானே நடந்து பார்த்தேன். வழியில் இரண்டு இடங்களில் ஆள் நிறுத்தினேன். ஒவ்வொரு குழுவின் பையிலும் ஒரு பழைய ஃபோன், ஓஃப் பண்ணி டேப் சுற்றி வைத்தேன். ஏதும் நடந்தால் மட்டும் பிரிக்கலாம். எல்லாம் ஷிப்ட் முடிந்து வந்து, வீங்கின காலோடு.

இவ்வளவையும்விடப் பெரிய வேலை சிவம் அண்ணையைச் சம்மதிக்க வைத்தது. இறைச்சி ஃபக்டரியில் வேலை செய்பவர். மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. எங்கள் தமிழ் ஆட்களில் யாரும் அதுவரை பிள்ளையை இரவு நடைக்கு விட்டதில்லை. ஆரணிக்கு ஏதும் நடந்தால் இனி ஒருவரும் விடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"பொம்பிளைப் பிள்ளை... காட்டுக்குள்ளை, தனிய. நீர் பொறுப்போ?"

"ஓம் அண்ணை. நான் பொறுப்பு."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் விட்டார்.

ஜூனில் இங்கே இரவுச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் ஆனாலும் வெளிச்சம் போகாது. மற்றக் குழுக்கள் ஷெல்டருக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டன. ஆரணியின் குழு மட்டும் வரவில்லை. முதல் இடத்தைக் கடந்திருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் நின்றவர் ஒருவரையும் காணவில்லை என்றார். நானும் மற்ற லீடர் மெட்டேயும் சைக்கிளில் அந்தப் பாதை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு போனோம். பதில் இல்லை. அந்தப் பழைய ஃபோனும் ஓஃப்.

"பெற்றோருக்குச் சொல்லவேண்டும், பிறகு பொலிசுக்கு" என்றாள் மெட்டே.

சிவம் அண்ணைக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்தேன். அவருக்குச் சொல்லிவிட்டால் பிறகு எதையும் யாருக்கும் சொல்லலாம் என்று இருந்தது.

"அண்ணை... ஆரணி..."

"ஓம் தங்கச்சி, எல்லாரும் இஞ்சைதான் நிக்கினம். புட்டும் கோழிக்கறியும் சாப்பிடுகினம். நீரும் வாருமன்."

அப்படியே பாசியில் குந்திவிட்டேன்.

மனுசன் சும்மா ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காட்டு ரோட்டுக்குத் தன் வான் வண்டியில் வந்திருக்கிறார். பிள்ளைகள் ஓரமாக இருந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார்களாம். ஆரணியின் குதிக்காலில் கொப்புளம். தன் பிள்ளையை மட்டும் ஏற்றுவது முறையில்லை என்று ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் போனபோது நான்கு பேர் சுடுதண்ணீர் ஊற்றின பேசினில் கால் வைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு டேனிஷ் பொடியன் கையாலேயே புட்டைக் குழைத்தான். ஃபோனை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லையே என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

"அண்ணை, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"எங்கடை பிள்ளையை மட்டும் ஏத்திப்போட்டு மற்றதுகளை ரோட்டிலை விட்டிட்டு வரச் சொல்லுறீரோ?"

அவர் உண்மையாகவே அதைத்தான் நான் குறை சொல்கிறேன் என்று நினைத்தார். கோபப்படவும் எனக்குச் சக்தி இல்லை. அவர் மனைவி நீட்டின தட்டையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆரணி சாப்பிடவில்லை. கதவடியில் சப்பாத்தோடு நின்று அழுதாள். நடந்து முடிக்கவேண்டும் என்று டேனிஷில் சொன்னாள். சிவம் அண்ணை அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வான் திறப்பை எடுத்து, ஐந்து பேரையும் என்னையும் ஏற்றினார்.

ஏற்றின அதே இடத்தில் இறக்கிவிட்டார். கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆரணி நொண்டி நொண்டி முன்னால் போனாள், வரைபடம் அவள் கையில்.

"பார்த்துக்கொண்டு நிக்கலாமோ?" என்று சிவம் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"நிக்கலாம் அண்ணை."

இப்போது நான் அல்பர்ட்ஸ்லுண்டில். அதே வேலை, இன்னும் மோசமான முழங்கால். போன சனிக்கிழமை என் மகனுக்கு அதே மாதிரி நடை. இப்போதெல்லாம் இதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. குழு ஒரு நீலப் புள்ளியாக ஃபோனில் நகரும். யாரும் யாருக்கும் "நான் பொறுப்பு" என்று சொல்லத் தேவையில்லை.

புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டது... குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பொரித்து வைத்த ரோல்ஸ் பெட்டியோடு காரை எடுத்தேன்.

காட்டோரத்தில் நிறுத்தியிருந்தபோது வந்தார்கள். மகன் கடைசியாக, நொண்டிக்கொண்டு. நான் சீட்டில் சரிந்து ஒளிந்துகொண்டேன். கடந்து போனார்கள்.

சிவம் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, மகன் நொண்டினதையும் காரில் ரோல்ஸ் பெட்டி இருப்பதையும் சொன்னேன். பென்ஷன் எடுத்துக்கொண்டு இன்னும் கிரின்ஸ்டெட்டில்தான் இருக்கிறார்.

"பொடியனுக்குச் சாப்பாடு குடுத்தனீரோ?"

"இல்லை அண்ணை. குடுக்கக்கூடாது."



"நீர் சாப்பிட்டனீரோ?"

"இல்லை."

"வேலையாலை வந்து அப்பிடியே வெளிக்கிட்டிருப்பீர். அந்த ரோல்ஸை நீர் சாப்பிடும், பிள்ளை. அண்டைக்கும் ஒண்டும் தின்னாமல்தானே போனனீர்."

எத்தனை வருடம்... அந்தத் தட்டை நான் வேண்டாம் என்றதை அவர் மறக்கவில்லை.

லைனில் அவர் இருக்க, காருக்குள் தனியாக இருந்து ஆறின ரோல்ஸைச் சாப்பிட்டேன். அழுகை வந்தது. அவர் ஃபோனை வைக்கவில்லை.