ஹென்றிக்கு இரண்டு கல்லறைகள்

கடந்த பெப்ரவரியில் நானும் கணவர் டேவிட்டும் இத்தாலியின் பலேர்மோ நகருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. ஒஹாயோவில் படுத்த படுக்கையாக இருந்த என் மாமனாருக்காக. அவருடைய பூட்டன் ஹென்றி பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலுமிச்சை வாங்க ஒஹாயோவிலிருந்து அங்கே போய், நகருக்கு வெளியே சியாகுல்லியில் ஒரு தோட்ட வீட்டில் காய்ச்சலில் இறந்தவர். சவப்பெட்டி ஊர் திரும்பி ஒஹாயோவில் அடக்கமானது. அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில்தான் மாமா தனக்கும் இடம் வைத்திருந்தார். ஹென்றி கடைசியாக இருந்த வீட்டைப் படத்திலாவது பார்க்க ஆசைப்பட்டார்.

தோட்டத்தின் பெயர் பழைய கடிதமொன்றில் இருந்தது. காலை ஒன்பதரைக்கு வியா மக்வேதா தெருவில் டாக்சி பிடித்தோம். இருபத்தைந்து நிமிடம், இருபத்தைந்து யூரோ. (டாக்சியைத் திருப்பி அனுப்பாதீர்கள். நாங்கள் அனுப்பிவிட்டு, திரும்பும்போது நான்கு கிலோமீற்றர் நடந்தோம்.)

அங்கே மாண்டரின் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தவர் முல்லைத்தீவைச் சேர்ந்த ராசன் அண்ணை. என் தமிழைக் கேட்டுச் சிரித்தபடி ஏணியால் இறங்கியவர், டேவிட்டைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"தங்கச்சி, இவர் முந்தி இஞ்சை வந்தவரோ?"

"இல்லையண்ணை, இதுதான் முதல்தரம்."

"அப்ப உள்ளை வாங்கோ. ஒண்டு காட்டவேணும்."

வீட்டு நடையில் ஒரு பழைய படம். கட்டிலில் சாய்த்து வைத்த சடலம். கண்களை யாரோ திறந்து விட்டிருந்தார்கள். டேவிட்டின் நெற்றி, டேவிட்டின் கோணல் மூக்கு. வீட்டுக்கார அம்மா, ராசன் அண்ணையின் சிஞோரா, டேவிட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு வீட்டின் பின்புறம் கூட்டிப்போனார். அங்கே ஒரு கல். அதில் ஹென்றியின் முழுப்பெயர், ஒஹாயோவில் எங்கள் ஊரின் பெயர்.

"அவரை ஒஹாயோவுக்கு அனுப்பினவையெல்லே?" என்றேன்.

ராசன் அண்ணை சிஞோராவிடம் கேட்டுச் சொன்னார்: "காய்ச்சல் சவத்தைக் கப்பலிலை ஏத்தேல்லையாம். இஞ்சையே தாட்டவையாம். பிறகு தாய் விடாமல் கேட்டு எழுதினவவாம். அந்தக் குழியைத் தோண்டப் பயந்து, வேறை ஆரின்ரையோ எலும்பை வைச்சு அனுப்பினவையாம்."

"ஆரின்ரை?"

சிஞோரா தோளைக் குலுக்கினார். டேவிட் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ரை தமையன் கடைசிச் சண்டையிலை காணாமல் போனவர்," என்றார் ராசன் அண்ணை, கல்லைப் பார்த்தபடி. "அம்மாவுக்கு அப்பிடி ஒரு பெட்டி வந்திருந்தால், நான் திறந்து பாத்திருக்கமாட்டன்."

பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் அறையில் இரண்டு நாள் யோசித்தோம். மறைக்க டேவிட்டுக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"என் இடத்தை மாற்றாதே," என்றார் மாமா. "அந்த மனிதனுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: பழைய கடிதங்களின் பிரதியைக் கொண்டுபோங்கள். இத்தாலியன் தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிடைப்பது எதுவானாலும் சொல்லலாமா என்று வீட்டில் முன்பே கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

மாமாவை ஏப்ரலில் ஒஹாயோவில் அவர் வைத்திருந்த இடத்திலேயே அடக்கம் செய்தோம். எல்லோரும் போனபின் டேவிட் ஹென்றியின் பெயர் பொறித்த பக்கத்துக் கல்லிடம் ஏதோ சொல்லப் போனார். வாய் திறந்தவருக்கு எந்தப் பெயரால் அழைப்பதென்று தெரியவில்லை.