மாமனாரின் செருமல்

நெரவியில் எங்கள் வீட்டு ஆண்கள் மூவருமே புகைப்பார்கள். ஆனால் ஒருவர் புகைப்பதை இன்னொருவர் பார்த்ததில்லை. மாமனாருக்குப் பீடி, கணவருக்குச் சிகரெட். கல்லூரியில் படிக்கும் மகனிடம் பேனா மாதிரி ஒரு மின்சாரச் சாமான் இருக்கிறது. ஊதினால் மாம்பழ வாசனை வரும். துணி துவைக்கிறவள் நான். எந்தச் சட்டைப் பையில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் முன்னால் புகைக்காமல் இருப்பது மரியாதையாம். அந்த மரியாதையைப் பெரியவரும் சேர்ந்துதானே காப்பாற்ற வேண்டும்! மாமனார் கொல்லைப்பக்கம் போகுமுன் கதவருகே நின்று பலமாகச் செருமுவார். சளியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அங்கே நிற்கும் தன் மகன், அதாவது என் கணவர், சிகரெட்டை வாய்க்காலில் வீசுவதற்கு அவகாசம் கொடுக்கிறார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் என் கணவரும் மகனுடைய அறை வாசலில் அப்படியே செருமுகிறார். இதற்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தே ஊதித் தொலைக்கலாம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் கணவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. அடித்துப் பிடித்துக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், "சிகரெட் பழக்கம் உண்டா? மறைக்காம சொல்லுங்க. அதையும் வச்சுத்தான் அடுத்து என்ன செய்யிறதுன்னு பாக்கணும்" என்றார்.

கணவர் கால்மாட்டில் நின்ற தன் அப்பாவைப் பார்த்தார்.

"இல்லீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிர் ஊசலாடுகிற நேரத்திலுமா மரியாதை? நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மாமனார் செருமினார். கொல்லைக் கதவருகே கேட்கும் அதே செருமல்.

"டாக்டர், நான் வெளியில போயி ஒரு பீடி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார்.

தன் மகன் காதுபட அந்த வார்த்தையை அவர் முதல்முறை சொன்னது அன்றுதான். பிறகு பக்கத்தில் நின்ற பேரனின் தோளைத் தொட்டார்.

"நீயும் வாடா. பையில இருக்கிற ஒன் மாம்பழத்தையும் எடுத்துக்க."

பையன் முகம் வெளுத்துவிட்டது. இருவரும் போனதும் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "டெய்லி ஒரு பாக்கெட்டுக்கு மேல ஆவுது டாக்டர்" என்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்து பார்த்தேன். தாத்தாவும் பேரனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் கையில் பற்றவைக்காத பீடி.

"சொல்லிட்டானாம்மா?"

"சொல்லிட்டாங்க மாமா."

அதன் பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.