சிவப்பு வராத சீசன்

சம்பா அறுப்பு முடிந்த பாகூர் வயல்களில் வைக்கோல் கட்டுவதுதான் எங்கள் பிழைப்பாக இருந்தது. டிராக்டர் முன்னால் போகும். கட்டுகிற மெஷின் பின்னால் வைக்கோலை வாரிச் சுருட்டித் தள்ளும். என் மனைவியின் தம்பியும் நானும் கூட்டாக வாங்கிய வண்டி. ஓட்டுவது அவன், வேலை பிடிப்பது நான். இரண்டு வீட்டு உலையும் அந்த ஒரு இன்ஜினை நம்பித்தான் கொதித்தது.

அந்தத் தூசியைப் பார்க்காதவனுக்குச் சொன்னால் புரியாது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இன்ஜினும் அதைத்தான் இழுக்கிறது. தடுக்க ஏர் பில்டர், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. வெளியே மடிப்பு மடிப்பான காகிதம், உள்ளே காவலுக்கு ஒரு சின்னது. குழாயில் கட்டைவிரல் அளவு கண்ணாடி மூடி இருக்கும். பில்டர் அடைத்து, இன்ஜின் காற்றுக்குத் திணறினால் அதில் சிவப்பு தெரியும்.

அந்த சீசன் தொடக்கத்தில் தினமும் சிவப்பு. மச்சான் பில்டரைக் கழற்றி டயரில் ஓங்கி ஓங்கி அடிப்பான். எங்கள் பக்கம் எல்லா டிரைவரும் அப்படித்தான். கோணியை உதறுகிற நினைப்பு. ஒருநாள் உள் பில்டரையும் உருவி ஷெட்டில் வீசினான்.

“அத்த போடுடா,” என்றேன்.

“போட்டா வண்டி மூச்சு வாங்குது மாமா. மூக்குல பஞ்சு வெச்சிக்கினு நீ ஓடுவியா?”

“தூசி உள்ள போவும்டா.”

“காத்துதான் போவும். நீ போயி ஆளப் புடி.”

அதன்பிறகு வண்டி சீறியது. சிவப்பு வரவே இல்லை. “பாத்தியா மாமா? இன்னாமோ சொன்னியே?” என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டான். சிரித்தார்கள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

மாசிக் கடைசியில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஆனபோது நீலப் புகை. ஆயிலைக் குடித்தது. வில்லியனூரிலிருந்து வந்த மெக்கானிக், பில்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி விரலை விட்டார். துளி தூசி இருக்கக் கூடாத இடம். விபூதி மாதிரி அப்பிக்கொண்டு வந்தது. டயரில் அடிபட்ட இடத்தில் வெளிப் பில்டரின் காகிதம் கிழிந்திருந்தது.

“சிவப்பு வரலியேண்ணே,” என்றான் மச்சான்.

“எப்புடிப்பா வரும்? காத்துக்கு எவ்ளோ தடைன்னு மட்டுந்தான் அது பாக்கும். ஓட்டையில ஏது தடை?”

நல்ல பில்டரென்றால் இத்தனை காற்று போகும்போது இத்தனை தடை இருக்கும் என்று, செய்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். காற்று மட்டும் தாராளமாகப் போக வேண்டுமென்றால் பில்டரே வேண்டாம், குழாயைத் திறந்துபோட்டால் போதும். வைக்கோல் தூசியில் வாரக்கணக்கில் ஓடிய வண்டிக்குத் தடை ஏறவில்லை என்றால், தூசி எங்கே போனது என்று கேட்டிருக்க வேண்டாமா? டீக்கடையில் சிரித்த ஒருத்தனும் கேட்கவில்லை.

இன்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர் முழுக்கக் கீறல். பழுது பார்க்க எங்களிடம் வழியில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளினோம், மெஷினையும் சேர்த்து. லாரியில் ஏற்றிய அன்று மச்சான் வரவில்லை. அதன்பிறகும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் மனைவி அவனைத் திட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

இந்த வருஷம் எங்களுக்கு வேலை கொடுத்தவர்களின் வயல்களில் கரியமாணிக்கம் ஊர்க்காரன் ஒருத்தனின் மெஷின் ஓடுகிறது. சத்தம் கேட்டால் அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறாள். நான் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்.